எர்த்தும் இரைச்சலும்: ஒலிப்பதிவுக் கூடத்தில் எஃபெக்ட்ஸ் கருவிகளின் மின்னிணைப்பு

ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிரொலி, கார்வை, திரிபு முதலியவற்றை உண்டாக்கும் கருவிகளை எஃபெக்ட்ஸ் கருவிகள் என்று பொதுவாகக் குறிப்பிடுவர். ரேக் எனப்படும் 19 அங்குல அகலச் சட்டத்தில் திருகிப் பொருத்தப்படும் ரிவெர்ப், டிலே, கம்ப்ரசர் ஆகியவையும், கிட்டார் கலைஞர் காலால் மிதித்து இயக்கும் பெடல்களும், 1957இல் ஜெர்மனியில் வெளிவந்த இஎம்டி 140 பிளேட் ரிவெர்ப் போலத் தனியறை கேட்கும் பெருங்கருவிகளும் இதில் அடங்கும். இவை ஒவ்வொன்றையும் இரண்டு வகைக் கம்பிகள் வந்து சேர்கின்றன: ஒன்று மின்சாரம் தருவது, மற்றொன்று ஒலிச்சைகையைக் கொண்டு செல்வது. முன்னது எலக்ட்ரீஷியனின் பொறுப்பு, பின்னது ஒலிப்பொறியாளரின் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஒலிக்கம்பியின் உட்கம்பிகளைச் சுற்றிப் பின்னப்பட்டிருக்கும் உலோக உறையான கவசம், அது இணைக்கும் இரு கருவிகளின் உலோக உடல்களையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதால், கூடத்தில் செருகப்படும் ஒவ்வொரு ஒலிக்கம்பியும் யாரும் திட்டமிடாத ஓர் எர்த் கம்பியாகவும் ஆகிவிடுகிறது. இத்துறையின் விபத்துகளில் கொடியவையும், தீராத இரைச்சல்களில் பெரும்பாலானவையும் இந்தப் பிணைப்பைக் கவனியாமல் விட்டதன் விளைவுகளே.

இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். மூன்று முனைப் பிளக்கில் ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டும் மின்னோட்டத்தைச் சுமக்க, மூன்றாவதான எர்த் முனை கருவியின் உலோக உடலோடு இணைந்து சும்மா இருக்கிறது. உள்ளே காப்பு கெட்டு ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டால்தான் அதற்கு வேலை: பெரும் மின்னோட்டம் எர்த் வழியே பாய்ந்து, எம்சிபி எனப்படும் தானியங்கித் துண்டிப்பானைத் தட்டிவிட வேண்டும். இவ்வாறு எர்த்தை நம்பி அமைந்த கருவிகளை முதல் வகுப்புக் கருவிகள் என்றும், எர்த் முனையே இல்லாமல் இரட்டைக் காப்பினால் பாதுகாப்புப் பெறுபவற்றை இரண்டாம் வகுப்புக் கருவிகள் என்றும் தரநூல்கள் பிரிக்கின்றன. ஒன்றனுள் ஒன்றாக வரையப்பட்ட இரு சதுரங்கள் பின்னதன் அடையாளம்.

எர்த் முனை சுவரில் இருப்பது மட்டும் போதாது என்பது பலரும் எண்ணிப் பார்க்காத செய்தி. வீட்டருகே குழி தோண்டிப் புதைத்த எர்த் கம்பியின் மண் மின்தடை 20 ஓம் என்று கொண்டால், பழுது நேரும்போது பாயக்கூடிய மின்னோட்டம் 230ஐ 20ஆல் வகுத்துக் கிடைக்கும் 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரணச் சுமையாகக் கருதிப் பேசாமல் இருக்கும், கருவியின் உடலோ கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்தோடு நிற்கும். வீட்டின் ஓர் அறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொள்ளும் வழக்கம் பெருகிவிட்ட தமிழ்நாட்டில் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. இந்த இடைவெளியை அடைப்பது ஆர்சிசிபி எனப்படும் எர்த் கசிவுத் துண்டிப்பான். ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாது ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு தோன்றுவதற்குள் சுற்றைத் துண்டிக்கிறது. ஆனால் ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால், வேறுபாடு எதுவும் தோன்றாமையால், அது உதவாது. பல கருவிகளின் உள்ளிருக்கும் இரைச்சல் வடிப்பான்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும் இயல்புடையவை. ஆகவே முப்பது நாற்பது கருவிகளை ஒரே ஆர்சிசிபியின் கீழ் வைத்தால், பழுது ஏதும் இல்லாமலே அது அடிக்கடி டிரிப் ஆகும். அதைக் கழற்றி எறிவது இதற்குத் தீர்வாகாது. கூடத்தை இரண்டு மூன்று தனிச் சுற்றுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்சிசிபி அமைப்பதே முறை.

எர்த் இல்லாத கருவி ஒன்று கூடத்தில் இருந்தால், அதன் ஆபத்து அக்கருவியோடு நிற்பதில்லை. மின்கிட்டாரின் தந்திகள், கைப்பட்டதும் இரைச்சல் அடங்க வேண்டும் என்பதற்காக, ஒலிக்கம்பியின் கவசத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. அக்கவசம் பெடல்களின் உடல்களைக் கடந்து ஆம்பிளிஃபயரின் உடலைச் சென்றடைகிறது. மைக்கின் உலோக வலையோ மிக்ஸரின் எர்த்தோடு இணைந்தது. இவ்விரு முனைகளில் ஒன்று பழுதான, எர்த் அற்ற கருவியைச் சார்ந்திருந்தால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கைத் தொடுபவரின் உடலே சுற்றை நிறைவு செய்யும் கம்பியாகிவிடும். ஸ்காட்லாந்துக் குழுவான ஸ்டோன் தி குரோஸின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே 3 அன்று சுவான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது இறந்தது இவ்வகையில்தான். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதத்தில் தம் வீட்டில் எர்த் சரியில்லாத கிட்டார் இணைப்பினால் இறந்தார். முன்னதில் மேடையும் பின்னதில் வீடும் இடமாயின என்பதைக் கவனித்தால், பெரிய அரங்கில்தான் ஆபத்து என்ற எண்ணம் பிழையென்பது விளங்கும்.

இவ்வளவு தெரிந்தும் எர்த் முனையை வெட்டிவிடுவோர், அல்லது இருமுனை அடாப்டரில் செருகி அதைத் தவிர்ப்போர், ஏன் அவ்வாறு செய்கிறார்கள்? அலட்சியம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. எர்த்தைத் துண்டித்ததும், பல வேளைகளில், மணிக்கணக்காக வாட்டிய ‘ஹம்’ என்னும் முரலொலி உடனே நின்றுவிடுகிறது. பலன் கண்முன்னே தெரிகிறது, ஆபத்தோ தெரிவதில்லை. ஆகவே பாதுகாப்பைப் பற்றிய எந்த ஆய்வும் இந்த முரலொலியின் காரணத்தை விளக்காமல் முழுமை பெறாது.

சுவரின் இரு வேறு பிளக் பாயின்ட்களில் எர்த் பெறும் இரு கருவிகளின் உடல்களுக்கிடையே எப்போதும் சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். எர்த் கம்பிகளில் பாயும் கசிவு மின்னோட்டங்களும், அருகிலுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலமும் அதை உண்டாக்குகின்றன. அவ்விரு கருவிகளையும் ஒலிக்கம்பியால் இணைத்தவுடன், சுவரின் எர்த் கம்பி ஒரு பாதி, ஒலிக்கம்பியின் கவசம் மறு பாதி என ஒரு வளையம் உருவாகிறது; இதற்கு எர்த் வளையம் என்று பெயர். அவ்வளையத்தில் ஓடும் மின்னோட்டம் கவசத்தின் மின்தடையைக் கடக்கும்போது அங்கே ஒரு சிறு மின்னழுத்தம் எழுகிறது. கிட்டார் கம்பியிலும் வீட்டு ஆடியோ கம்பியிலும் உள்ளதுபோல, ஒலிச்சைகை திரும்பி வரும் வழியும் அதே கவசமாக இருந்தால், எழுந்த மின்னழுத்தம் அப்படியே ஒலியோடு சேர்ந்துவிடும். இத்தகைய இணைப்பு சமநிலையற்ற இணைப்பு எனப்படும். அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: கவசத்தின் மின்தடை 1 ஓம், அதில் ஓடும் மின்னோட்டம் 0.3 மில்லி ஆம்பியர் எனில், எழும் இரைச்சல் 0.3 மில்லி வோல்ட். வீட்டுக் கருவிகளின் வழக்கமான ஒலிச்சைகை அளவான 316 மில்லி வோல்ட்டோடு ஒப்பிட இது ஏறத்தாழ 60 டெசிபல்தான் தாழ்ந்தது. 16 பிட் குறுந்தட்டின் கொள்ளளவே 96 டெசிபல் என்னும்போது, இவ்வளவு சிறிய மின்னோட்டம் பதிவின் தரத்தில் எவ்வளவு பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது என்பது புலனாகும்.

தொழில்முறைக் கூடங்கள் சமநிலை இணைப்பைக் கையாள்வது இதனால்தான். இதில் ஒலிச்சைகை இரு உட்கம்பிகளில் செல்ல, கவசம் அதிலிருந்து விலகி நிற்கிறது. பெறும் கருவி இரு கம்பிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் பொதுவாக ஏறியிருக்கும் இரைச்சலைத் தள்ளிவிடுகிறது. இரு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான சைகை ஓடுவதே சமநிலை என்று பாடநூல்களிலும் எழுதப்பட்டு வந்தது. ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தை நடத்திய பில் விட்லாக் 1990களில் எழுதிய கட்டுரைகள் இக்கருத்தைத் திருத்தின: மின்மறுப்பு என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு பாதை காட்டும் மொத்த எதிர்ப்பு, எர்த்தை நோக்கி இரு கம்பிகளின் மின்மறுப்பும் சமமாக இருப்பதே இரைச்சலைத் தள்ளும் ஆற்றலைத் தருகிறது, ஒரு கம்பியில் சைகையே இல்லாவிட்டாலும் இணைப்பு சமநிலையுடையதாக இருக்க முடியும்.

சமநிலை இணைப்பிலும் முரலொலி கேட்பது உண்டு. அதற்கான காரணத்தை நீல் மன்சி என்னும் பொறியாளர் 1995 ஜூனில் ஆடியோ என்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் எடுத்துக்காட்டினார். சமநிலைக் கம்பிகளில் பயன்படும் எக்ஸ்எல்ஆர் இணைப்பியின் முதல் முனை கவசத்துக்குரியது. தயாரிப்பாளர்கள் பலர் அம்முனையைக் கருவியின் உலோக உடலோடு இணைக்காமல் உள்ளிருக்கும் சுற்றுப் பலகையின் எர்த்தோடு இணைத்து வந்தமையால், கவசத்தில் ஓடிய வெளி மின்னோட்டம் முழுவதும் நேரே ஒலிச்சுற்றின் நடுவே திறந்துவிடப்பட்டது. ‘முதல் முனைச் சிக்கல்’ என்று பெயர் பெற்ற இக்குறையைக் களைய, கவசம் குறுகிய வழியில் உலோக உடலையே சேர வேண்டும் என்று ஏஇஎஸ்48 என்னும் தரநூல் 2005இல் விதித்தது. குறை கருவியின் வடிவமைப்பில் இருக்க, அதற்கான தண்டனையைப் பயன்படுத்துவோர் எர்த் முனையை வெட்டித் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர் என்றால் அது மிகையன்று.

எர்த் முனையை வெட்டாமலே முரலொலியை அடக்கும் மாற்று வழிகள் உண்டு. முதலாவதாக, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சுவர்ப் புள்ளியிலிருந்து கிளை பிரித்து மின்சாரம் கொடுத்தால், எர்த்துகளுக்கிடையிலான வேறுபாடு தோன்றும் இடமே குறைந்துவிடும். 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் 1380 வாட் தாங்கும். எஃபெக்ட்ஸ் கருவிகளில் பெரும்பாலானவை சில பத்து வாட்களே எடுப்பதால் ஒரு ரேக் முழுவதும் அதில் அடங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி நீட்டிக்கொண்டே போவது மட்டும் கூடாது. தளர்ந்த செருகல் ஒவ்வொன்றும் சூடேறும், எர்த்தின் மின்தடையும் கூடும். அதன் பின்னும் முரலொலி நீடித்தால், ஒலிக்கம்பியின் நடுவே ஆடியோ மின்மாற்றி ஒன்றைப் புகுத்தலாம். அதன் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாமல் காந்தப்புலம் மட்டுமே ஒலியைக் கடத்துவதால் வளையம் அறுந்துவிடும், கருவிகளின் எர்த் அப்படியே இருக்கும். டிஐ பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டியின் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ ஸ்விட்சும் ஒலிக்கம்பியின் கவசத்தைத்தான் துண்டிக்கிறது. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இது சுவர் எர்த்தை வெட்டுவதற்கு முற்றிலும் வேறான செயல், ஆபத்தற்றது. சமநிலைக் கம்பிகளில் பெறும் முனையின் கவசத்தை மட்டும் பிரித்துவைப்பதும் பழைய கூடங்களில் கையாளப்பட்ட முறையே.

இரண்டாம் வகுப்பு அடாப்டர்கள் வேறொரு விதமாகத் தொல்லை தருகின்றன. லேப்டாப் அடாப்டர்களிலும் மலிவான பெடல் அடாப்டர்களிலும் உள்ள சிறு மின்தேக்கி, மின்னிரைச்சலை அடக்கும் பொருட்டு, உட்புகும் மின்பக்கத்தையும் வெளியேறும் பக்கத்தையும் இணைத்திருக்கும். அதன் வழியே கசியும் மின்னோட்டம் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. உடலுக்குத் தீங்கில்லை, விரலில் ஒரு கூச்சம் மட்டும் தெரியும். ஆயினும் எங்கும் தொடாமல் மிதக்கும் அக்கருவியின் எர்த் 100 வோல்ட்டுக்கு அருகே நிற்கக்கூடும். வீட்டு ஆடியோ கம்பிகளில் உள்ள ஆர்சிஏ இணைப்பியில் கவசத்துக்கு முன்பே நடுமுனை தொட்டுவிடுவதால், இயங்கும் நிலையில் செருகும்போது அம்மின்னழுத்தம் முழுவதும் ஒரு கணம் மறு கருவியின் நுழைவுச் சுற்றில் இறங்குகிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே ஒலிக்கம்பியைச் செருக வேண்டும் என்ற பழைய விதிக்கு இதுவே உண்மையான காரணம்.

பெடல்களின் உலகில் உயிராபத்து குறைவு, கருவியைப் பொசுக்கும் வாய்ப்பு மிகுதி. 9 வோல்ட் என்ற அளவு, டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்கென வந்த சதுர பேட்டரியிலிருந்து பெற்ற மரபு. பாஸ் நிறுவனத்தின் முதல் பெடலான சிஇ-1 கோரஸ் 1976இல் சுவர் மின்சாரத்தில் இயங்கியது. 1977 முதல் வந்த அதன் சிறு பெடல்களின் வழியாகவே இன்று எங்கும் காணும் வடிவம் பரவியது. 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட உருளைப் பிளக்கின் நடுமுனை எதிர்மின்னாக அமைந்திருப்பது, பிற மின்னணுப் பொருள்களின் வழக்கத்துக்கு நேர்மாறானது. இதற்கும் காரணம் உண்டு: பிளக்கைச் செருகியதும் பேட்டரியைத் தானே விலக்கும் ஸ்விட்ச் அச்சாக்கெட்டின் வெளிமுனையில்தான் அமைந்துள்ளது, பேட்டரியின் நேர்மின் கம்பியை அதன் வழியே எடுத்துச் செல்ல வேண்டியிருந்ததால், வெளிமுனை நேர்மின்னும் நடுமுனை எதிர்மின்னுமாயின. வீட்டில் கிடக்கும் ஏதோ ஓர் அடாப்டரின் பிளக் பொருந்துகிறதே என்று செருகுவோர் முனைகளைத் தலைகீழாக்கிவிடுகின்றனர். பெடலினுள் காப்புக்காக வைக்கப்பட்ட டயோடு பேட்டரியின் சிறு மின்னோட்டத்தைத் தாங்குமே தவிர, 2 ஆம்பியர் தரும் அடாப்டரின் முன் எரிந்துபோகும்.

அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு குறிப்புகளைக் கருவியின் மேலும் அடாப்டரின் மேலும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். அவற்றுள் மின்னோட்ட அளவு ஒன்றைத்தான் தாராளமாகக் கொள்ளலாம். கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும் என்பதால், 100 மில்லி ஆம்பியர் கேட்கும் பெடலுக்கு 500 தரும் அடாப்டர் தீங்கன்று. குறைவான அடாப்டரோ சூடேறும், மின்னழுத்தம் சரிந்து டிஜிட்டல் கருவி தடுமாறும். எளிய டிஸ்டார்ஷன் பெடலுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவே போதுமென்றால், டிஜிட்டல் ரிவெர்ப் 300 வரை கேட்கும். முனைகளின் திசையும், நேர்திசை மின்னோட்டமா மாறுதிசை மின்னோட்டமா என்பதும், மின்னழுத்தமும் பிசகக் கூடாதவை. பழைய டிஜிட்டல் ரிவெர்ப்கள் பலவும் டிலே பெடல்கள் சிலவும் 9 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் கேட்பவை. அந்த அடாப்டரைத் தவறிப்போய்ச் சாதாரணப் பெடலில் செருகினால் மின்தேக்கிகள் வெடிக்கவும் கூடும். மின்னழுத்தத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 9 வோல்ட்டை உள்ளே இரட்டிக்கவோ தலைகீழாக்கவோ ஐசிஎல்7660, மேக்ஸ்1044 போன்ற சில்லுகளைக் கொண்ட பெடல்களில், அச்சில்லுகளின் எல்லையே 10 வோல்ட் அளவுதான். சீராக்கப்படாத அடாப்டர்களோ சுமை குறைவாக இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேலும் தரும் இயல்புடையவை.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல் பல பெடல்களுக்கு மின்சாரம் பிரிப்பது மலிவான வழி. எல்லாம் ஒத்த வகைப் பெடல்களாக இருந்தால் குற்றமில்லை. ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் கொண்ட, 1960களின் ஃபஸ் ஃபேஸ் வழிவந்த பெடல் ஒன்று இடையில் நுழைந்தால் கதை மாறும்: அதில் ஒலிக்கம்பியின் கவசத்தோடு இணைந்திருப்பது பேட்டரியின் நேர்மின் முனை, மற்றப் பெடல்களிலோ எதிர்மின் முனை, மின்கம்பியும் ஒலிக்கவசமும் சேர்ந்து அடாப்டரின் இரு முனைகளையும் நேராக முட்டவிடும். மேலும், டிஜிட்டல் பெடலின் கடிகாரத் துடிப்பு பொதுவான எர்த் வழியே பரவி, அடுத்த டிஸ்டார்ஷன் பெடலில் பெருக்கப்பட்டு, மெல்லிய சீழ்க்கையாகக் கேட்கும். ஒவ்வொரு வெளிமுனைக்கும் மின்மாற்றியில் தனிச் சுருள் வைத்த பவர் சப்ளைகள் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்குகின்றன. விளம்பரங்களில் ‘தனிமைப்படுத்தியது’ என்று சொல்லப்படும் எல்லாவற்றிலும் அத்தனிமை உண்மையில் இருப்பதில்லை. மின்சாரம் நிறுத்திய நிலையில் இரு வெளிமுனைகளின் எதிர்மின் பகுதிகளுக்கிடையே மல்டிமீட்டர் தொடர்ச்சியைக் காட்டினால், உள்ளே அவை ஒன்றே.

அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் கருவிகளும் ஜப்பானிலிருந்து 100 வோல்ட் கருவிகளும் பழைய பொருள் சந்தை வழியாக நம் பக்கம் வருகின்றன. பின்புறம் மின்னழுத்தத் தேர்வு ஸ்விட்ச் இருந்தால், அதை மாற்றும்போது ஃபியூஸையும் மாற்ற வேண்டும். மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டம் பாதியாகும் என்பதால், பழைய ஃபியூஸ் பாதுகாப்புக்கு மிகப் பெரிதாகிவிடும். ஸ்விட்ச் இல்லாதவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சந்தையில் கிடைப்பவற்றுள் பல ஒரே சுருளின் நடுவே கிளை எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, சுவர் மின்சாரத்திலிருந்து கருவியைப் பிரிக்காது. மாறுதிசை மின்மோட்டாரால் நாடாவை இழுக்கும் பழைய டேப் எக்கோவுக்கு இதுவும் போதாது: 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும், எதிரொலியின் இடைவெளி நீளும். வால்வு கருவிகளைப் பொறுத்தவரை, நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அவற்றின் மூடியைத் திறப்பது பயின்ற மெக்கானிக்கின் வேலை.

ஒலிச்சைகையின் அளவும் கருவிகளின் நலனைப் பாதிக்கும். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு 1.23 வோல்ட், உச்சங்களில் இது முகட்டிலிருந்து பள்ளம் வரை 22 வோல்ட்டைத் தொடும். 9 வோல்ட்டில் வாழும் பெடல் இதைத் தாங்காது. ஜான் குனிபெர்ட்டி 1990களில் அறிமுகப்படுத்திய ரீஆம்ப் என்னும் பெட்டி, அளவைத் தாழ்த்தி, மின்மறுப்பைக் கிட்டாரைப் போல உயர்த்தி, மின்மாற்றியால் எர்த்தையும் பிரித்து, ரேக்கையும் பெடலையும் சமாதானமாக வாழச் செய்கிறது. 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் இன்னொரு பொறி. 1966இல் நார்வே ஒலிபரப்பு நிறுவனத்துக்காக நாய்மன் நிறுவனம் வகுத்த இம்முறையில், மைக்குக்கான மின்சாரம் ஒலிக்கம்பியிலேயே ஏறி வருகிறது. பேட்ச் பே எனப்படும் இணைப்புப் பலகையின் ஜாக்குகளில் பிளக் நுழையும்போது முனைகள் ஒரு கணம் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அப்போது முன்பெருக்கியின் மின்தேக்கிகளில் சேர்ந்திருந்த 48 வோல்ட் திடீரென இறங்கி அதன் நுழைவுச் சுற்றைச் சிதைக்கக்கூடும் என்பதை கேரி ஹீபர்ட், ஃபிராங்க் தாமஸ் ஆகியோர் 2001இல் ஆய்ந்து காட்டினர். மைக் இணைப்புகளைப் பேட்ச் பேயில் கொண்டுவராமல் விடுவதே நல்லது. கொண்டுவந்தே தீர வேண்டுமெனில், ஃபேண்டத்தை நிறுத்தி அரை நிமிடம் பொறுத்த பிறகு கை வைக்க வேண்டும்.

மின்வெட்டும் இன்வெர்ட்டரும் அன்றாடமான இடங்களில் இன்னும் இரண்டு செய்திகள் சேர்கின்றன. மலிவான இன்வெர்ட்டர் தரும் சதுர அலை மின்சாரம் மின்மாற்றியுள்ள கருவிகளைச் சூடாக்கி, அவற்றில் கரகரப்பையும் புகுத்துகிறது. ஒலிப்பதிவுக்கு சைன் அலை இன்வெர்ட்டரோ, இடைவெளியே இன்றி மின்சாரம் தரும் ஆன்லைன் யுபிஎஸ்ஸோ வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் உயிர்பெற்றால், டொராய்டு மின்மாற்றிகள் தொடக்கத்தில் இழுக்கும் பெரும் மின்னோட்டம் எம்சிபியைத் தட்டிவிடலாம். கருவிகள் விழிக்கும்போது எழுப்பும் ‘தொப்’ என்ற ஓசை முழுப் பலத்தோடு மானிட்டர் ஸ்பீக்கர்களில் இறங்கலாம். ஆகவே மின்சாரம் போனவுடன் ஒவ்வொரு கருவியின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, அது திரும்பி நிலைப்பட்ட பிறகு எஃபெக்ட்ஸ் கருவிகளை முதலிலும், மிக்ஸரை அடுத்தும், மானிட்டர் ஆம்பிளிஃபயரைக் கடைசியிலும் போடுவதே வழக்கம். நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாகும்.